1729-ஐ 4-ஆல் வகுத்தால் மட்டும் போதாது

மயிலாப்பூரில் ஞாயிறு காலை மொட்டைமாடியில் சில பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். போன வாரம் கேட்டேன்: 1729 இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக வருமா? “வரும் சார், 4-ஆல் வகுத்தா மீதி 1” என்று ஒரு பையன் பட்டென்று சொன்னான். எல்லாரும் தலையாட்டினார்கள்.

வராது. மீதி 1 என்றால் வரும் என்பது பகா எண்ணுக்கு மட்டுமே செல்லும்: 13 = 9 + 4, 29 = 25 + 4. பகு எண் என்றால் காரணிப்படுத்தித்தான் ஆகவேண்டும். 4-ஆல் வகுக்க மீதி 3 தரும் பகாக் காரணி ஒவ்வொன்றும் இரட்டைப்படை முறை வரவேண்டும். 1729 = 7 × 13 × 19; 7-ம் 19-ம் தலா ஒரே முறை. கதை முடிந்தது. (இரண்டு கனங்களின் கூடுதலாக இரண்டு விதமாக வரும் பெருமை அதற்கு வேறு!) அதற்காக 3-ஐக் கண்டதும் எண்ணைத் தள்ளிவிடவும் கூடாது. 45-இல் 3 இரண்டு முறை வருகிறது. 36 + 9.

அப்புறம் பூஜ்யம். 0-ஐயும் ஒரு வர்க்கமாகச் சேர்த்தால், இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக வரும் எண்களின் தொடர் 0, 1, 2, 4, 5, 8, 9, 10 என்று போகும். விட்டால் 2, 5, 8, 10, 13. இரண்டு விதமாக எழுத முடிகிற மிகச் சிறிய எண் முதல் கணக்கில் 25, அடுத்ததில் 50. இதை முதலிலேயே பேசிக்கொள்ளாமல் பாதி நேரம் வீண் சண்டைதான்.

மூன்று வர்க்கங்களின் கூடுதலாக, 8-ஆல் வகுக்க மீதி 7 தருபவை வராது என்று மனப்பாடம் செய்தவர்கள் 28-ஐக் கோட்டை விடுவார்கள். 4-ஆல் வகுபடும்வரை வகுத்துவிட்டுத்தான் மீதி பார்க்க வேண்டும்.

எனக்குப் பெரிய தவறாகப் படுவது, பட்டியல் நின்றுவிட்டது என்று நம்புவது. x² + y² + 10z² வடிவில் (x, y, z முழு எண்கள்) வராத ஒற்றைப்படை எண்களை 1917 கட்டுரையில் ராமானுஜன் 3, 7, 21, 31 என்று தொடங்கி 391 வரை தந்தார். எளிய விதி எதுவும் தெரியவில்லை என்றார். மொத்தம் 16. நானாக இருந்தால் 500-ஓடு பேனாவை மூடியிருப்பேன். பின்னால் 679 வந்தது, 2719 வந்தது. அதற்கு மேல் இல்லை என்று 1997-இல் கணிதவியலாளர்கள் கென் ஓனோவும் சென்னைக்காரர் கண்ணன் சௌந்தரராஜனும் காட்டினார்கள். அதுவும் இன்னும் நிரூபிக்கப்படாத பொதுமைப்படுத்திய ரீமன் கருதுகோள் உண்மையாக இருந்தால்தான்.

அதே கட்டுரையில், எல்லா மிகை முழு எண்களும் கிடைக்கும் என்று அவர் தந்த 55 வடிவங்களில் ஒன்று x² + 2y² + 5z² + 5u². பிள்ளைகளிடம் 15-ஐ முயலச் சொன்னேன். 5z², 5u² இரண்டும் சேர்ந்து 0, 5, 10 எதைத் தந்தாலும் மீதி 15, 10, 5 ஆகவேண்டும். x² + 2y² அதில் ஒன்றையும் தராது; ஆக 15 வராது. வடை ஆறுவதற்குள் முடித்துவிட்டார்கள்.