முரளியைப் பார்த்தும் பந்து சுழலாதபோது

இலங்கை மலையகத்துப் பையன் ஓஃப் ஸ்பின் என்ற சுழல் பந்து போட ஆசைப்பட்டால் யாரைப் பார்ப்பான்? கண்டியில் பிறந்து டெஸ்ட் கிரிக்கெட்டில் 800 விக்கெட் எடுத்த முரளியை, அதாவது முத்தையா முரளிதரனைத்தான். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் நானும் அப்படித்தான் மணிக்கட்டைத் திருப்பினேன். பந்து நேராகவே போனது.

காரணம் உடம்பில் இருக்கிறது. முரளியின் முழங்கை பிறவியிலேயே முழுதாக நீளாது. மணிக்கட்டும் தோளும் அசாதாரணமாக வளையும். அந்த வீச்சை எவ்வளவு வேண்டுமானாலும் ரசிக்கலாம், ஆனால் என் கைக்கு அது வராது.

சரி, வேறு யார்? எங்கள் லயத்து (தோட்ட வரிசை வீடுகள்) அண்ணன் ஒருவர் சாதாரண விரல் சுழல் போடுவார். எதிரே நின்று பார்த்தால் இடம் வலமாகிக் குழப்பும் என்பதால் நடுவருக்குப் பின்னால் நின்றேன். ஒரு ஓவர் முழுக்க ஆள்காட்டி விரலை மட்டும் பார்த்தேன், அடுத்த ஓவரில் முன்காலை மட்டும். கதவுக் குமிழை வலப்பக்கம் திருகுவது போல விரல் பந்தை இழுத்தது. முன்காலை ஊன்றி உடம்பே சுழன்றது! டிவியில் கண் மணிக்கட்டுக்கே போய்விடும், இந்தக் கால் தெரியாது.

பார்த்த சூட்டோடு, பந்தில்லாமலே செய்து பார்ப்பேன். அப்புறம் டென்னிஸ் பந்தைச் சுற்றிப் பேனையால் ஒரு கோடு. வீசும்போது கோடு தள்ளாடினால் விரல் வழுக்கியிருக்கிறது. ஒரே பட்டையாகச் சுற்றினால் பிடி சரி. இப்போது தோட்டத்து ஆட்கள் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்து மண்ணில் பந்து நன்றாகவே திரும்புகிறது.

இடக்கைத் தம்பிமாரை மட்டும் அண்ணனுக்கு எதிரே நிற்கச் சொல்கிறேன். அண்ணன் வலக்கை என்பதால், கண்ணாடியில் பார்ப்பது போல அவர்களுக்கு அந்தப் பக்கமே நேராகப் பொருந்தும்.