வேறொரு பயனராகக் கட்டளை ஓட்டும்போது வொர்க்கிங் டைரக்டரி

லினக்ஸில் வேறொரு பயனராகக் கட்டளை ஓட்ட உதவும் சுடோ, ஆளை மாற்றும்; நீங்கள் நிற்கும் இடத்தை, அதாவது வொர்க்கிங் டைரக்டரியை, மாற்றாது. உங்கள் ஹோம் டைரக்டரியில் நின்றுகொண்டு 'சுடோ -யூ போஸ்ட்கிரெஸ் பிஎஸ்கியூஎல்' என்று ஓட்டினால் (போஸ்ட்கிரெஸ் என்ற பயனராக, அந்த டேட்டாபேஸின் பிஎஸ்கியூஎல் கருவியைத் திறப்பது), அந்த டைரக்டரிக்குள் போக அனுமதியில்லை என்று ஓர் எச்சரிக்கை வரும். பிறகு பிஎஸ்கியூஎல் வழக்கம்போலத் திறக்கும். டேட்டாபேஸில் கோளாறு எதுவும் இல்லை.

லினக்ஸில் புதிய புராசஸ் (ஓடும் நிரல்), தன்னைத் தொடங்கிய புராசஸின் வொர்க்கிங் டைரக்டரியை அப்படியே வாங்கிக்கொள்கிறது. டைரக்டரிக்குள் நுழையும்போதும், அங்கிருந்து ரிலேட்டிவ் பாதையில் கோப்பைத் தேடும்போதும்தான் அனுமதி சரிபார்க்கப்படும். உபுண்டு 21.04 முதல் புதிய ஹோம் டைரக்டரிகளின் அனுமதி 750. அதனால் மற்ற பயனர்களுக்கு வழி அடைபட்டிருக்கும். பிஎஸ்கியூஎல் எச்சரிக்கையோடு விட்டுவிடும். கோப்பு தேடும் ஃபைண்ட் கட்டளை அப்படியல்ல: தொடங்கிய டைரக்டரிக்குத் திரும்ப முடியவில்லை என்று பிழை காட்டும், ஸ்கிரிப்ட்டும் அதோடு நின்றுபோகலாம்.

எளிய தீர்வு, எல்லோரும் நுழையக்கூடிய இடத்துக்கு முதலில் சிடி (டைரக்டரி மாற்றும் கட்டளை) மூலம் போய்விடுவது:

(சிடி / && சுடோ -யூ போஸ்ட்கிரெஸ் பிஎஸ்கியூஎல்)

அடைப்புக்குறி இருப்பதால் இது சப்ஷெல்லில், அதாவது தனியாகத் தொடங்கும் துணை ஷெல்லில், நடக்கும். உங்கள் ஷெல் (நீங்கள் அடிக்கும் கட்டளைகளை ஓட்டும் நிரல்) இருந்த இடத்திலேயே இருக்கும்.

போகவேண்டிய டைரக்டரி அந்தப் பயனருக்கு மட்டுமே திறந்திருந்தால் இது உதவாது, ஏனெனில் இங்கே சிடி உங்கள் பெயரில் ஓடுகிறது. 'சுடோ சிடி' என்று அடித்தும் பயனில்லை. சிடி தனி நிரல் அல்ல, ஷெல்லின் உள்கட்டளை. ஷெல்லையே அந்தப் பயனராகத் தொடங்குங்கள்: சுடோ -யூ பயனர் எஸ்எச் -சி 'சிடி பாதை && கட்டளை'. மேற்கோள் குறியை விட்டால் && உங்கள் ஷெல்லிடம் சிக்கிக்கொள்ளும், கட்டளை உங்கள் பெயரிலேயே ஓடும்.

சுடோ 1.9.3 முதல் இதற்கென்றே -டி (பெரிய எழுத்து) உண்டு. ஆனால் சுடோவின் அனுமதிகள் எழுதப்படும் சுடோயர்ஸ் கோப்பில் சிடபிள்யூடி (வொர்க்கிங் டைரக்டரி) அனுமதி தரப்படாவிட்டால் அது மறுத்துவிடும்.

'சுடோ -ஐ', பயனரை மாற்றும் இன்னொரு கட்டளையான 'சூ - பயனர்' இரண்டும் அந்தப் பயனரின் ஹோமுக்கே கொண்டுபோகும். 'சுடோ -எஸ்', கோடில்லாத 'சூ' இரண்டும் இருந்த இடத்திலேயே விடும். சுடோவின் -எச் (பெரிய எழுத்து) மாற்றுவது ஹோம் டைரக்டரியின் பாதையைச் சொல்லும் ஹோம் மாறியை மட்டும்தான், நிற்கும் இடத்தை அல்ல. பலர் இதில் ஏமாறுகிறார்கள்.

எச்சரிக்கை போகட்டும் என்று ஹோமுக்கு 755 (எல்லோரும் படிக்கவும் நுழையவும் அனுமதி) கொடுக்காதீர்கள். உங்கள் கோப்புப் பெயர்கள் எல்லாருக்கும் தெரியும். பாதையில் எந்த டைரக்டரி தடுக்கிறது என்று 'நேம்ஐ -எல் பாதை' வரிசையாகக் காட்டிவிடும்.