டாம்கேட் நிறுவிய பின் 503 பிழை வந்தால்

தரமணியில் நாங்கள் பராமரிக்கும் ஒரு சர்வரில் வெப் சர்வரான அப்பாச்சியையும், ஜாவா செயலிகளை இயக்கும் டாம்கேட்டையும் நிறுவிய அன்று, இரண்டும் ஓடிக்கொண்டிருந்தும் பிரவுசரில் 503 (சேவை கிடைக்கவில்லை) பிழையே வந்தது. இந்நிலையில் அமைப்புக் கோப்புகளில் கை வைக்கும் முன், அதே சர்வரிலிருந்து டாம்கேட்டின் 8080 போர்ட்டை நேரடியாக அழைத்துப் பாருங்கள். அங்கே பக்கம் வந்தால், பழுது பெரும்பாலும் இரண்டையும் இணைக்கும் இடத்தில்தான் இருக்கும்.

பலரைத் தடுமாற வைப்பது ஏஜேபி (AJP) இணைப்பு, அதாவது அப்பாச்சி தனக்கு வரும் கோரிக்கைகளை டாம்கேட்டுக்கு அனுப்பப் பயன்படுத்தும் நெறிமுறை. டாம்கேட் 9.0.31 முதல், பாதுகாப்புக் கருதி, 8009 போர்ட்டுக்கான ஏஜேபி பகுதி முடக்கப்பட்டே வருகிறது. அதைத் திறந்தாலும், ரகசியச் சொல் கொடுக்காவிட்டால் அந்த இணைப்பு தொடங்காது, அதே சொல்லை அப்பாச்சியிலும் குறிப்பிட்டாக வேண்டும். ரகசியச் சொல்லே தேவையில்லை என்று மாற்றிவிடும் குறுக்குவழியை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஏஜேபி கட்டாயமில்லை எனில், கோரிக்கைகளை எச்டிடிபி வழியாக 8080-க்கே அனுப்புவது எளிது.