மாமியைப் பார்க்கும் மருமகளுக்குச் சம்பளம்: கனடாவுக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு

சென்ற தை மாதம் கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்தபோது, அடுத்த ஒழுங்கையில் இருக்கும் தங்கை ஒருத்தி வந்தாள். ஸ்பொன்சர் சரிவந்துவிட்டது, இரண்டு மாதத்தில் கனடாவின் ஸ்காபரோவில் இருக்கும் கணவரிடம் போகிறாள். அங்கே மாமி பாரிசவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார். "அண்ணா, மாமியை நான்தான் பார்க்கப் போகிறேன். என் கணவர் எனக்குச் சம்பளம் தருவதாகக் காட்டினால் அவருடைய வரி குறையுமாம். உண்மையா?" என்று கேட்டாள்.

உண்மை இல்லை. நோயாளியை வீட்டில் வைத்துப் பராமரிக்க ஒருவருக்குக் கொடுக்கும் கூலியை மருத்துவச் செலவாகக் காட்டி வரியைக் குறைக்க கனடாச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அந்தப் பராமரிப்பாளர் 18 வயதுக்குக் குறைந்தவராகவோ, சலுகை கோருபவரின் கணவன் அல்லது மனைவியாகவோ இருக்கக் கூடாது. பதிவு செய்யாமல் சேர்ந்து வாழ்பவர்களுக்கும் இதே விதிதான். காசோலை எழுதிக் கொடுத்தாலும், பற்றுச்சீட்டில் கையெழுத்து வாங்கினாலும் இது மாறாது.

இதை நான் கனடாவில் பட்டுத்தான் அறிந்தேன். என் அம்மாவைப் பார்ப்பதற்காக மனைவி தன் வேலையை விட்டாள். வரிப் பத்திரம் நிரப்பிக் கொடுத்த ஒருவரின் பேச்சைக் கேட்டு, மாதம் தவறாமல் அவளுக்குக் காசோலை எழுதினேன். பிறகு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. குறைத்த வரியை வட்டியோடு கட்டினோம். அந்தக் காசு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. "அப்படியென்றால் இரவு பகலாக நான் செய்தது வேலை இல்லையா?" என்று அவள் கேட்டாளே, அதற்குத்தான் இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. அது வேலைதான். சட்டம்தான் அதைக் கூலி வேலையாக எடுப்பதில்லை. கணவன் தரும் அப்படியான சம்பளத்தால் கனடா ஓய்வூதியத் திட்டத்திலும் அவளுக்கு ஒரு சதம் சேராது. வேலை போனாலோ லீவு எடுத்தாலோ பணம் தரும் அரசின் வேலைக் காப்புறுதிக்கும் அது கணக்கில்லை.

ஆகவே வழியை வேறு இடத்தில் தேட வேண்டும். முதலில் டி2201 என்ற படிவம். மாற்றுத்திறனாளிகளுக்கான வரிச் சலுகைக்கு இதுதான் வாசல். நடப்பது, உடுப்பது, உண்பது போன்றவற்றில் கடுமையான இயலாமை குறைந்தது 12 மாதங்கள் நீடிக்கும் என்று அங்கே உங்கள் குடும்ப வைத்தியர் அதில் உறுதிப்படுத்த வேண்டும். ஏற்றுக்கொள்ளப்பட்டால் ஒரு சலுகைத் தொகை கிடைக்கும்; 2024ஆம் ஆண்டுக்கு அது 9,872 டொலராக இருந்தது. அதனால் அந்த ஆண்டு மத்திய வரியில் ஏறக்குறைய 1,480 டொலர் குறைந்தது. மாமிக்கு வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லையென்றால், அவரைத் தாங்கும் மகன் மீதியைத் தன் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். பராமரிப்பாளருக்கான தனிச் சலுகையும் இருக்கிறது. அது நோயாளியின் வருமானம் கூடக் கூடக் குறையும். தயவுசெய்து இந்தப் படிவத்தைத் தள்ளிப்போடாதீர்கள். "அம்மாவை அப்படிச் சொல்ல மனம் வரவில்லை" என்று ஆண்டுக்கணக்கில் விட்டுவிட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

மருமகள் வேலைக்குப் போய், 52 வாரங்களுக்குள் வேலைக் காப்புறுதிக்குரிய 600 மணித்தியால வேலையைச் சேர்த்துவிட்டால் இன்னொரு கதவு திறக்கிறது. கடுமையாக நோயுற்ற பெரியவர் ஒருவரைப் பார்க்க லீவு எடுப்பவருக்கு வேலைக் காப்புறுதி 15 வாரங்கள் வரை, சராசரி உழைப்பில் 55 வீதம், ஓர் உச்ச வரம்புக்கு உட்பட்டுக் கொடுக்கிறது. இறுதிக் காலம் என்று வைத்தியர் சொன்னால் 26 வாரங்கள். மாமன், மாமியும் இதில் அடக்கம். இந்தப் பணத்துக்கு வரி உண்டு. என்றாலும் அது அவளுடைய பெயரில், அவளுடைய வங்கிக் கணக்குக்கு வருகிறது. கணவன் எழுதிய காசோலையைவிட இதற்கே என் மனம் ஆறுதல்படும்.

மனைவி அல்லாத வேறொருவரைச் சம்பளத்துக்கு வைத்தால் கதை வேறு. பக்கத்து வீட்டு அக்காவாக இருக்கலாம், 18 வயது தாண்டிய மகளாகக் கூட இருக்கலாம். பகுதிநேரப் பராமரிப்பு என்றால் ஆண்டுக்கு 10,000 டொலர் வரை மருத்துவச் செலவாகக் காட்டி, மேலே சொன்ன மாற்றுத்திறனாளிச் சலுகையையும் சேர்த்துப் பெறலாம். பற்றுச்சீட்டில் அவருடைய பெயரும் அரசு அவருக்குத் தந்த சமூகக் காப்புறுதி இலக்கமும் இருக்க வேண்டும். அவர் அதை வருமானமாகக் காட்ட வேண்டும்; நீங்கள் வேலை கொடுப்பவராகி, அவருடைய சம்பளத்தில் பிடிக்க வேண்டியதைப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டி வரலாம். "கையில் தாங்கோ, துண்டு வேண்டாம்" என்பவருக்குக் கொடுத்த காசைக் காட்ட முடியாது. துண்டுகளை ஆறு ஆண்டுகள் வைத்திருங்கள்.

கனடாவில் கணவனும் மனைவியும் தனித்தனி வரிப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். ஒரு சதமும் உழைக்கவில்லை என்றாலும் ஏப்ரல் 30க்குள் செய்யுங்கள். ஜிஎஸ்ரி என்ற விற்பனை வரிக்கு ஈடாக அரசு தரும் சலுகை போன்ற கொடுப்பனவுகள் அதை வைத்தே கணிக்கப்படுகின்றன. போய் இறங்கிய நாளிலிருந்து உலகத்தின் எந்த மூலையில் வரும் வருமானமும் கணக்கில் சேரும். தங்கையிடம் கடைசியாக நான் கேட்டது அதைத்தான்: கோண்டாவிலில் வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டின் காசு யாருடைய பெயரில் வருகிறது? மாமியின் பெயரில் என்றாள். அப்படியானால் அது மாமியின் வருமானமாகக் கனடாவில் கணக்கில் சேரும் என்று, அந்த வாடகைத் துண்டுகளையும் சூட்கேசில் வைக்கச் சொன்னேன்.