மூன்றாவது ஆள் வந்ததும் வீடியோ கால் கறுப்பாகிறதா?

சிங்கப்பூரில் ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவுக்கு ஒத்திகை. ஈசூனிலிருந்து ஒருவர், பீஷானிலிருந்து ஒருவர், படம் பளிச். ஜூரோங் அக்கா உள்ளே வந்தார், மூவர் கட்டமும் கறுப்பு.

சொந்தமாக ஜிட்சி (இலவச வீடியோ கால் மென்பொருள்) சர்வர் வைத்திருப்பவர்களுக்கு இது பழக்கமான சிக்கல். இரண்டு பேர் மட்டும் என்றால் படம் பெரும்பாலும் அவர்களுக்குள் நேரடியாகவே போய்விடும். மூன்றாவது ஆள் வரும்போதுதான், ஒருவர் படத்தை வாங்கி மற்றவர்களுக்கு அனுப்பும் வீடியோபிரிட்ஜ் வேலையில் இறங்கும். இரண்டு போனை வைத்துச் சோதித்துவிட்டு 'ஓகே லா' என்று தூங்கப் போகாதீர்கள். (நான் போனேன்.)

முதலில் பயர்வாலில் யுடிபி 10000 போர்ட் (பிரிட்ஜுக்குப் படமும் குரலும் போகும் வழி) திறந்திருக்கிறதா பாருங்கள். டிசிபி மட்டும் திறந்துவிட்டு மறந்திருப்போம். ரவுட்டருக்குப் பின்னால் சர்வர் இருந்தால், பிரிட்ஜ் கான்ஃபிக்கில் பொது ஐபியையும் சொல்லிவிடுங்கள்.

இரண்டு பிரிட்ஜ் போட்டவர்கள் கவனிக்க: ஒவ்வொன்றும் புரோசோடியை (ஜிட்சியின் பகுதிகள் தங்களுக்குள் செய்தி பரிமாறும் சர்வர்) டிசிபி 5222 போர்ட் வழியாக எட்ட வேண்டும். முதல் மெஷினை அப்படியே நகலெடுத்தால் பிரிட்ஜின் நிக்நேமும் சேர்ந்து நகலாகிவிடும். புரோசோடியில் பிரிட்ஜ்கள் கூடும் சாட் அறையில் இரண்டும் ஒரே பெயரில் நின்றால், எந்த காலை எந்த பிரிட்ஜுக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும் ஜிகோஃபோவுக்கு ஒன்றுதான் தெரியும். எனக்கு அரை நாளைத் தின்ற தப்பு இதுதான். பெயரை மாற்றி பிரிட்ஜை மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். ஜிகோஃபோ லாகில் இரண்டும் சேர்ந்ததா பாருங்கள். பிறகு ஒன்றை நிறுத்திவிட்டு, மூன்று பேரோடு அழைத்துப் பாருங்கள், அடுத்து மற்றதை.