யாழ்ப்பாணத்திலிருந்து மட்டக்களப்புவரை சைக்கிளில்: குழுவாகப் போகிறவர்களுக்கு

ஊருக்குப் போகும்போது வன்னியையும் கிழக்கையும் சைக்கிளில் பார்க்க வேண்டும் என்று கேட்கிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். பலரும் எந்தச் சைக்கிளைக் கொண்டுபோவது என்றுதான் தொடங்குவார்கள். அதைப் பிறகு பார்க்கலாம். உங்களுக்குப் பின்னால் துணைக்கு வான் வண்டியில் வரப்போவது யார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இரண்டு தடவை இந்தப் பாதையில் போனவன் என்ற முறையில் சொல்கிறேன்: பயணம் நன்றாக அமைவதும் கெடுவதும் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

பாதை இதுதான். முதல் நாள் ஏ-9 வீதியில் சாவகச்சேரி, கொடிகாமம், ஆனையிறவு தாண்டிக் கிளிநொச்சி. இரண்டாம் நாள் பரந்தனுக்குத் திரும்பி வந்து, விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் வழியாக முல்லைத்தீவு. மூன்றாம் நாள் கொக்கிளாய்க் களப்பைச் சுற்றிக்கொண்டு புல்மோட்டை. நான்காம் நாள் குச்சவெளி, நிலாவெளி, திருகோணமலை. ஐந்தாம் நாள் கிண்ணியா, மூதூர், வெருகல், வாகரை. ஆறாம் நாள் வாழைச்சேனை, ஏறாவூர், மட்டக்களப்பு. மொத்தம் 400 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. ஒரு நாளைக்கு 55 முதல் 75 வரை வரும். ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. வெயிலும் காற்றும்தான் ஆளைச் சோதிக்கும்.

அதனால் மாதத்தைக் கவனமாகத் தெரிந்தெடுங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை மாரி மழை. குளங்கள் நிரம்பி வழிந்தால் வீதியே மறைந்துவிடும். தை கடைசியிலிருந்து பங்குனி நடுப்பகுதி வரை நல்ல காலம். பிள்ளைகளின் பள்ளி விடுமுறையை நம்பி ஆடி, ஆவணியில்தான் வர முடியும் என்றால், தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று ஆனையிறவு வெளியில் பக்கவாட்டாக அறையும், கிழக்கில் கச்சான் காற்று வெக்கையை வாரிக்கொண்டு வரும் என்பதைத் தெரிந்துகொண்டு வாருங்கள். அப்போது காலை பத்து மணிக்குள் அன்றைய ஓட்டத்தை முடிக்கப் பாருங்கள்.

சரி, துணைக்கு வருகிறவர்கள். முதல் தடவை நாங்கள் ஒரு முகவர் மூலம் ஏற்பாடு செய்தோம். சாரதி நல்ல மனிதர், ஆனால் வன்னிப் பக்கம் அவருக்குப் பழக்கமில்லை. சைக்கிளோடு சேர்ந்து மெதுவாக வரவேண்டும் என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்கவுமில்லை. எங்கள் தண்ணீரையும் ஏற்றிக்கொண்டு நேரே விடுதிக்குப் போய்விட்டார். இயக்கச்சிக்கும் பரந்தனுக்கும் இடையில், ஒதுங்க ஒரு மரமில்லாத அந்த வெளியில், எங்களோடு வந்த ஒரு அக்கா தலைசுற்றி வீதியோரத்தில் இருந்துவிட்டார். உப்பளப் பக்கத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் தன் போத்தல் தண்ணீரைக் கொடுத்துத்தான் அவரைத் தேற்றினார். அந்த அரை மணித்தியாலம் எனக்கு இன்றும் மறக்கவில்லை.

இரண்டாம் தடவை பன்னிரண்டு பேர் போனோம். துணைக்கு நான்கு பேர், எல்லோரும் அந்த வழியில் வாழ்கிறவர்கள். கிளிநொச்சிச் சாரதி ஒருவர் வானோடு. சைக்கிள்களையும் தண்ணீரையும் ஏற்ற பட்டா என்ற சின்ன லொறி ஒன்று, அதை ஓட்டிய தம்பி சைக்கிள் கடையில் வேலை பழகியவர். முன்னால் மோட்டார் சைக்கிளில் ஒருவர். நான்காவது, சமையலுக்கும் முதலுதவிக்கும் ஒரு அம்மா. குழுவில் பெண்கள் இருந்தால் துணைக்கும் ஒரு பெண் கட்டாயம் வேண்டும். ஒதுங்க இடம் தேவை என்றால் எந்த வீட்டுப் படலையைத் தட்டலாம் என்று அவருக்குத்தான் தெரியும்.

இது சின்ன விஷயமல்ல. ஏ-9இல் நீங்கள் கடந்துபோகும் முகமாலைப் பக்கம் நாட்டின் பெரிய கண்ணிவெடி வயல்களில் ஒன்றாக இருந்தது. வன்னியில் வெடி அகற்றும் வேலை பல வருடங்களாக நடந்துவருகிறது. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை கண்ட இடத்தில் மட்டுமல்ல, எந்த இடத்திலும் அவசரத்துக்கென்று பற்றைக்குள் இறங்காதீர்கள். ஒழுங்கையில் ஆட்கள் நடமாடிய தடத்தை விட்டு விலகாதீர்கள். புறப்படுவதற்கு முதல்நாள் இரவு எல்லோரையும் இருத்தி இதைச் சொல்லுங்கள், வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு இரண்டு தடவை சொல்லுங்கள்.

ஆனையும் அப்படித்தான். மூன்றாம் நாள் காலை, முன்னால் போன மோட்டார் சைக்கிள்காரர் திரும்பி வந்து, “அண்ணை, அவசரப்படாதேங்கோ, வெளிச்சம் வரட்டும், ராத்திரி உதிலை ஆனை நிண்டதாம்” என்றார். முக்கால் மணித்தியாலம் தேநீர்க் கடையில் இருந்தோம். அவர் வழியில் சந்தித்த மீன்காரரிடம் கேட்டறிந்த செய்தி அது. எந்த வரைபடத்திலும் அது கிடைக்காது. விடிந்த பின் புறப்படுங்கள், பொழுதுபடும் முன் சேருங்கள்.

துணைக்கு வருகிறவர்களின் சம்பளத்தை நாட்கணக்கில் முதலே பேசி, பாதியை முன்பணமாகக் கொடுங்கள். சாப்பாடு, படுக்கை, தொலைபேசிச் செலவு தனி. உங்களுக்குப் பிடித்த விடுதியில் அவர்களுக்கும் அறை எடுங்கள். சாரதியை வானுக்குள் படுக்க விடாதீர்கள். இரவு பதினொரு மணிவரை உங்கள் பாட்டும் கூத்தும் நடந்தால், காலை ஐந்து மணிக்கு எழுந்து உங்கள் முதுகுக்குப் பின்னால் வண்டி ஓட்டுவது அந்தத் தூக்கமில்லாத மனிதர்தான்.

வீதியில் இடப்பக்கம் ஓட வேண்டும். கனடாவிலும் ஐரோப்பாவிலும் ஓடிப் பழகியவர்கள் சந்திகளில் தடுமாறுவார்கள். பேருந்துகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு உங்கள் பக்கத்துக்கே வரும். பன்னிரண்டு பேரும் ஒரே வரிசையாக நீளாதீர்கள். நான்கு பேராகப் பிரிந்து இடைவெளி விட்டால் பின்னால் வருகிறவர் முந்திப்போக இடம் கிடைக்கும். வான் கடைசி ஆளுக்குப் பின்னால், விளக்குகள் மின்ன வரவேண்டும். பட்டா பதினைந்து கிலோமீற்றர் முன்னால் போய் நிழலுள்ள இடத்தில் காத்திருக்க வேண்டும். விபத்து என்றால் 1990 எண்ணுக்கு அழையுங்கள், இலவச அம்புலன்ஸ் வரும். பொலிஸ் 119.

தண்ணீர்க் கணக்கு: ஆளுக்கு மணிக்கு முக்கால் முதல் ஒரு லீற்றர். பன்னிரண்டு பேர் ஐந்து மணித்தியாலம் ஓடினால் 19 லீற்றர் போத்தல் மூன்று வேண்டும், துணையாட்களுக்கும் சேர்த்து நான்கு ஏற்றுங்கள். சின்னப் பிளாஸ்ரிக் போத்தல் வாங்கி வழிநெடுக எறிய வேண்டாம். மருந்துக் கடையில், உடலில் நீர் வற்றாமல் இருக்கக் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பக்கற்றுகளை முதல் நாளே வாங்கி வையுங்கள். மற்றபடி செவ்விளநீர், வாழைப்பழம், காலையில் இடியப்பமும் சொதியும். முதல் நாள் மாலை கிளிநொச்சியிலிருந்து வானில் முறிகண்டிக்குப் போய், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, அங்கே விற்கும் வறுத்த கச்சானை (நிலக்கடலையை) நிறைய வாங்கிக்கொள்ளுங்கள். மிதிக்கும்போது அதைவிட நல்ல கொறிப்பு இல்லை.

இனிச் சைக்கிள். சொந்தச் சைக்கிளைப் பெட்டியில் கட்டிக் கொண்டுவந்தால், உங்கள் அளவு ரயரும் ரியூப்பும் ஆளுக்கு இரண்டிரண்டாகக் கொண்டுவாருங்கள். வன்னிக் கடைகளில் பெரும்பாலும் ஊர்ச் சைக்கிளின் அளவுதான் இருக்கும். ஊர்ப் பம்பின் வாய் உங்கள் ரியூப்பின் மெல்லிய வால்வுக்குப் பொருந்தாது, அதற்கான சின்னப் பித்தளை மாற்றி ஒன்றைச் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள். கியர் இல்லாத ஊர்ச் சைக்கிளிலும் இந்தப் பாதையை ஓடலாம். யாழ்ப்பாணத்தில் புதிதாக வாங்கி ஓடிவிட்டு, வீட்டிலிருந்து பல மைல் நடந்து படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு முடிவில் கொடுக்கலாம். எங்கள் குழுவில் ஐந்து பேர் அப்படித்தான் செய்தோம். அதிபரிடம் முதலே பேசி, யாருக்கு என்பதை அவரையே தீர்மானிக்க விடுங்கள்.

பள்ளிக்கூடத்துக்குப் போவதென்றால் ஒரு வேண்டுகோள். நீங்கள் எப்போது வந்து சேர்வீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. பூமாலையோடு பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி வைக்கச் சொல்லாதீர்கள். பள்ளி ஒன்றரைக்கு முடியும், பல பிள்ளைகள் காலையில் சாப்பிடாமல் வருகிறவர்கள். முதல்நாளே ஊரில் தங்கி, மறுநாள் காலை கழுவிய உடுப்போடு போங்கள்.

முள்ளிவாய்க்காலில் இறங்கி நில்லுங்கள். நாங்கள் சைக்கிளை உருட்டிக்கொண்டே அந்தத் தூரத்தை நடந்தோம், யாரும் பேசவில்லை. படம் எடுக்க வேண்டாம் என்று நாங்களே முடிவு செய்தோம். இராணுவ முகாம்களுக்கு முன்னால் எங்குமே படம் எடுக்கக் கூடாது, அனுமதி இல்லாமல் ட்ரோன் பறக்கவிடவும் கூடாது. அப்புறம், நந்திக்கடலைக் கடக்கும் வட்டுவாகல் பாலம் ஒடுங்கியது, தாழ்ந்தது. எப்படி இருக்கிறது என்று முதல்நாளே விசாரியுங்கள்.

கிழக்கில் கால்கள் பழகிவிடும். 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கும்வரை அந்த இடத்தைப் படகுப் பாதையில்தான் கடந்தார்கள். காலையில் கடந்தால் இரண்டு பக்கமும் வள்ளங்கள் தெரியும். வெருகலில் சித்திர வேலாயுத சுவாமி கோயிலில் நீண்ட ஓய்வு எடுங்கள். இறுக்கமான சைக்கிள் காற்சட்டையோடு கோயிலுக்குள் போவது சரியில்லை, வானில் வேட்டியும் சேலையும் இருக்கட்டும்.

மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தில் முடியுங்கள், 1924இல் கட்டிய பழைய பாலத்தில். அன்று மாலை ஒரு மணித்தியாலம் ஒதுக்கி வையுங்கள். ஆறு நாளும் வண்டிக்குள் இருந்தவர்களிடம் உங்கள் சைக்கிள்களைக் கொடுத்து ஓடச் சொல்லுங்கள். எங்கள் சாரதி கியரை மாற்றத் தெரியாமல் பாதிப் பாலம் வரை ஒரே மிதியாக மிதித்து, திரும்பி வரும்போது இரண்டு கையையும் விட்டுவிட்டு ஓடினார். அந்த அம்மா வான் கதவில் சாய்ந்துகொண்டு, “விழப் போறான், விழப் போறான்” என்று சிரித்துக்கொண்டே இருந்தார்.