பெராக்சைடை மொத்தமாக ஊற்றியதுதான் தப்பு

தயோஅனிசோல் என்ற கந்தகச் சேர்மத்திலிருந்து வலக்கை வடிவ சல்பாக்சைடு வேண்டும். அதாவது கந்தகத்தில் ஓர் ஆக்சிஜன் சேர வேண்டும்; அப்படிச் சேர்ந்தது வலக்கை, இடக்கை என ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமான இரண்டு வடிவங்களில் வரும். கால்டாரியோமைசிஸ் ஃபியூமாகோ என்ற பூஞ்சையின் குளோரோபெராக்சிடேஸ் நொதியை எடுத்துக்கொண்டேன். சிட்ரேட் தாங்கல் கரைசல், பிஹெச் 5, ஆக்சிஜனைக் கொடுக்க ஹைட்ரஜன் பெராக்சைடு. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு வடிவங்களையும் தனித்தனி முகடாகப் பிரித்துக் காட்டும் கைரல் எச்பிஎல்சி கருவியில் பார்த்தால் இடக்கை வடிவமும் கணிசமாக வந்திருந்தது. தயோஅனிசோலும் நிறைய மிச்சம்.

முதலில் நொதியைத்தான் சந்தேகப்பட்டேன். புதிய குப்பி திறந்தும் அதே கதை. அப்புறம் நொதியே இல்லாமல் ஒரு குடுவை வைத்துப் பார்த்தேன். அதிலும் சல்பாக்சைடு! இரண்டு வடிவமும் சரிபாதி. பெராக்சைடு தானாகவே கந்தகத்தைத் தாக்குகிறது; அதற்கு வலது இடது தெரியாது. போதாக்குறைக்கு, பெராக்சைடு அதிகமானால் நொதியின் வேலை நடக்கும் இரும்பு மையமான ஹீமும் சிதைந்துவிடும். ஹீமின் அடையாளமாக 400 நானோமீட்டர் அருகே இருக்கும் ஒளி உறிஞ்சல் முகடு சரிந்திருந்ததையும் பார்த்தேன்.

அதனால் மொத்தமாக ஊற்றுவதை விட்டேன். நீர்த்த பெராக்சைடை சிரிஞ்ச் பம்ப்பில் சில மணி நேரத்துக்குச் சொட்டுச் சொட்டாக விட்டேன். நொதி தின்னும் வேகத்தைவிட மெதுவாக விட வேண்டும், அதுதான் சூட்சுமம். தயோஅனிசோல் தண்ணீரில் சரியாகக் கரையாது. நன்றாகக் கலக்கியும் விட்டேன். முடிவில் சோடியம் சல்பைட் போட்டு மிச்சப் பெராக்சைடை அழித்துவிட்டுத்தான் பிரித்தெடுத்தேன்.

இந்த முறை இடக்கை முகடு தேடிப் பார்க்கும் அளவுக்குச் சின்னதாகிவிட்டது. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் எசோமெப்ரசோல் மருந்தும் ஒரு கைப்பக்க சல்பாக்சைடுதான். நொதியில்லாக் குடுவையை இனி முதல் நாளே வைப்பேன்.